சிரட்டைக் கரியும் மூடிய யன்னலும்

(நூற்றாண்டு விழாவின் சுகாதார அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடையில் நிற்பது ஒருத்தி. பேச்சு மூவருடையது. ஒரே வகுப்பில் உயிரியல் படித்த நாங்கள் மூவரும் வைத்தியர்களானோம். ஒருவர் மகப்பேற்று விடுதியில், ஒருவர் சுவாச நோய்ப் பிரிவில், ஒருவர் குடும்ப வைத்தியராக. இந்த உரையை மூவரும் ஒரு மேசையில் இருந்து எழுதினோம். அதனால் "நாங்கள்" என்றே பேசுகிறோம்.

நமது சங்கத்தின் நூற்றாண்டுத் திட்டங்களில் ஒன்று உங்களுக்குத் தெரியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகளும் சாப்பாட்டுக் கடைகளும் வீசிவிடும் சிரட்டைகளைச் சேர்த்து, கரியாக்கி, அரைத்து, அச்சில் அழுத்திக் கரிக்கட்டியாக விற்பது. வரும் பணத்தில் பாதி வேலை செய்யும் பெண்களுக்கு, பாதி புலமைப்பரிசில் நிதிக்கு. நல்ல யோசனை. செயற்குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி எழுந்து, கொஞ்சம் நிலக்கரித் தூளும் கலந்தால் கட்டி கூடுதல் நேரம் எரியும், செலவும் குறையும் என்றார். இன்னொருவர், அடுத்த முறை காஸ் இல்லாமற் போனால் பிளட்டுகளில் இருக்கும் நமது பிள்ளைகளுக்கே கொடுக்கலாமே என்றார். இரண்டும் நியாயமான கேள்விகள். வைத்தியர்களைக் கேட்டு முடிவெடுப்போம் என்று விட்டார்கள்.

எங்கள் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். சிரட்டைக்கு ஆம். நிலக்கரிக்கு இல்லை. செய்த கட்டியைப் பிளட்டுக்குள் எரிப்பதற்கு ஒருபோதும் இல்லை.

சிரட்டை எங்களுக்குப் புதிய விடயமல்ல. இலங்கையில் ஒருவர் ஆண்டுக்கு நூறு தேங்காய்க்கு மேல் சாப்பிடுகிறார். நாட்டில் ஆண்டொன்றுக்கு 250 முதல் 300 கோடித் தேங்காய் விளைகிறது. குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்கள் சேர்ந்த தென்னை முக்கோணத்திலிருந்துதான் பெரும்பகுதி வருகிறது. வெள்ளவத்தையில் ஒரு சைவச் சாப்பாட்டுக் கடையின் பின்புறம் காலை ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். சட்னிக்கும் சம்பலுக்கும் சொதிக்கும் துருவிய சிரட்டைகள் சாக்கு சாக்காகக் கிடக்கும். ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் காலி வீதியால் வரும்போது உடைபடும் தேங்காய்களுக்குக் கணக்கே இல்லை.

முன்பு இவை வீணாகவில்லை. குசினியில் விறகோடு சிரட்டை எரிந்தது. அகப்பையானது. சலவைக்காரர் பெட்டிக்குள் சிரட்டைத் தணல் போட்டு எங்கள் வெள்ளைச் சீருடையை அழுத்தித் தந்தார். தலை முழுகிய பின் சாம்பிராணி போட்ட தணலும் சிரட்டைத் தணல்தான். காஸ் அடுப்பும் மின் அழுத்தியும் வந்த பிறகுதான் சிரட்டை குப்பையானது.

குப்பையானபோது அது வேறொரு வேலையையும் தொடங்கியது. மல்லாந்து கிடக்கும் சிரட்டையில் ஒரு மழை பெய்தால் போதும், டெங்கு நுளம்புக்கு அது பிரசவ விடுதி. 2017இல் இந்நாட்டில் 1,86,101 பேர் டெங்குச் சந்தேக நோயாளராகப் பதிவானார்கள். 440 பேர் இறந்தார்கள். கூடுதல் பாதிப்பு மேல் மாகாணத்தில், அதாவது நாங்கள் வாழும் இடத்தில். எல்லாம் சிரட்டையால் வந்ததென்று சொல்லவில்லை. தண்ணீர்த் தாங்கி, பூச்சாடி, தயிர் முட்டி, பிளாஸ்ரிக் கோப்பை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. ஆனாலும் முற்றத்திலிருந்து சிரட்டையை அகற்றும் எந்தத் திட்டமும் எங்களுக்கு இனிப்பான செய்தி. கரிக்கட்டி ஒன்றுகூட விற்பனையாகாவிட்டாலும் அந்தளவில் இது வெற்றிதான்.

கட்டி செய்யும் முறையைச் சொல்ல வேண்டும். வேலை செய்யப்போகும் பெண்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் சிரட்டை சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். உள்ளே தேங்காய்ப் பூ ஒட்டியிருந்தாலும் வெளியே தும்பு இருந்தாலும் புகைக்கும். அடுத்தது கரியாக்குதல். காற்றுக் குறைந்த இடத்தில் சூடேற்றினால் சிரட்டை எரிந்து சாம்பலாகாமல் கரியாகும்; நீராவியும் தாரும் வாயுக்களும் வெளியேறும். ஊர்களில் நிலத்தில் கிடங்கு வெட்டிச் செய்வார்கள். சிறிய அளவில் 200 லீற்றர் இரும்புப் பீப்பாவில் செய்யலாம். 100 கிலோ சிரட்டைக்கு 30 கிலோவுக்கு மேல் கரி எதிர்பார்க்க வேண்டாம். இந்த வேலையைக் கொழும்பில் செய்ய முடியாது. புகை அடர்த்தியானது, கண்ணை எரிக்கும், அயல்வீட்டார் பொலிசுக்குப் போவார்கள், போவதும் நியாயம். கம்பஹாப் பக்கம் தென்னந்தோட்டம் வைத்திருக்கும் நமது அக்கா ஒருவர் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அங்கேயும் பீப்பாவுக்குக் காற்றுப்பக்கமாக நின்றே வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு வழியும் உண்டு.  சிரட்டைக் கரி இந்நாட்டின் பழைய ஏற்றுமதிப் பொருள். 1973இல் தொடங்கிய ஹேகார்ப் போன்ற நிறுவனங்கள் அந்தக் கரியை நீராவியில் பதப்படுத்தி, செயற்படுத்திய கரியாக்கி உலகெங்கும் அனுப்புகின்றன. குடிநீர் வடிகட்டியிலும் தங்கம் பிரித்தெடுக்கும் ஆலையிலும் நஞ்சருந்தி வந்தவருக்கு வைத்தியசாலையில் கரைத்துக் கொடுக்கும் கறுப்புத் திரவத்திலும் இருப்பது இந்த வகைக் கரிதான். அவர்களுக்குத் துண்டுக் கரி வேண்டும். அரித்த பின் மிஞ்சும் தூளை வியாபாரிகள் மலிவாகக் கொடுப்பார்கள். அதை வாங்கியும் நாம் கட்டி செய்யலாம்.

தூளை அரித்து, மரவள்ளி மாவில் காய்ச்சிய கஞ்சியோடு பிசைய வேண்டும். 100 கிலோ தூளுக்கு 5 முதல் 10 கிலோ மா. கஞ்சி கூடினால் கட்டி புகைக்கும், குறைந்தால் உதிரும். எங்கள் மனையியல் ரீச்சர் இருந்திருந்தால் புட்டு மாவுப் பதத்தை விடக் கொஞ்சம் ஈரம் என்று ஒரு வரியில் சொல்லியிருப்பார். பிறகு அச்சில் அழுத்துதல். நடுவில் ஓட்டை வைத்தால் காற்றுப் போகும், சீராக எரியும். பிறகு நல்ல வெயிலில் பல நாள் காயவிட வேண்டும். இதில்தான் எல்லோரும் அவசரப்படுவார்கள். ஈரமான கட்டி ஒழுங்காக எரியாது. ஒழுங்காக எரியாத கரியே நாங்கள் பயப்படும் கரி.

இங்கே ஒரு கணக்குச் சொல்ல விரும்புகிறோம், ஏனென்றால் "காஸுக்குப் பதிலாகச் சிரட்டை" என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறார்கள். நாலு பேர் உள்ள ஒரு வீட்டில் நாளுக்கு ஒரு தேங்காய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு காயின் சிரட்டை ஏறக்குறைய 150 கிராம். ஆண்டுக்கு 55 கிலோ. கரியாக்கினால் 16 கிலோ. ஒரு கிலோ சிரட்டைக் கரி சுமார் 7,000 கிலோகலோரி வெப்பம் தரும். ஒரு கிலோ சமையல் காஸ் சுமார் 11,000. பெருக்கிப் பாருங்கள். ஒரு வீட்டின் ஓராண்டுச் சிரட்டை முழுவதும் சேர்ந்தாலும் ஒரு 12.5 கிலோ சிலிண்டரின் வெப்பத்தைத் தொடாது. அடுப்பில் வீணாவதையும் கழித்தால் இன்னும் குறைவு. ஆகவே அந்த வாசகத்தை எடுத்துவிடுங்கள். கரிக்கட்டி காஸுக்கு மாற்று அல்ல. தெருவோரத்தில் சோளமும் மரவள்ளியும் சுடுபவருக்கும், பாபிகியூ போடும் ஹோட்டலுக்கும், முற்றம் உள்ள வீட்டுக்கும் உகந்த எரிபொருள் அது. அவ்வளவு போதாதா?

இப்போது நிலக்கரிக்கு வருவோம்.

கொழும்புத் தமிழருக்கு நிலக்கரி பழைய உறவுதான். நீராவிக் கப்பல் காலத்தில் கொழும்பு பெயர்பெற்ற நிலக்கரித் துறை. கப்பலில் கரி ஏற்றியிறக்கிய தொழிலாளர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் பலர். துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில் எத்தனையோ குடும்பங்களின் கதை அந்தத் துறைமுகத்தில்தான் தொடங்குகிறது. இன்று நாட்டுக்கு வரும் நிலக்கரி பெரும்பாலும் நுரைச்சோலை மின்நிலையத்துக்கு. 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கிய 900 மெகாவாற் நிலையம் அது. வேடிக்கை என்னவென்றால் அது இருப்பது தென்னை முக்கோணத்தின் ஒரு மூலையில், புத்தளம் மாவட்டத்தில். கப்பலில் வந்த கரி அங்கே எரிகிறது. பக்கத்தில் விளைந்த கரி ஏற்றுமதியாகிறது.

நிலக்கரியும் சிரட்டைக் கரியும் பெயரில் மட்டுமே சொந்தக்காரர். சிரட்டையில் கந்தகம் மிகக் குறைவு. சாம்பலும் நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். நிலக்கரியில் கந்தகம் உண்டு. எடுத்த சுரங்கத்தைப் பொறுத்து ஆசனிக்கும் புளோரைட்டும் பாதரசமும்கூட உண்டு. கரியாக்காத நிலக்கரியில் தார் முழுவதும் உள்ளேயே இருக்கிறது. எரிக்கும்போது அது புகையாக வருகிறது. புகைபோக்கியும் வடிகட்டியும் உள்ள பெரிய உலையில் எரிப்பது ஒரு பேச்சு. பெண்ணொருத்தி குனிந்து ஊதும் அடுப்பில் எரிப்பது வேறு பேச்சு.

சீனாவின் யுன்னான் மாகாணத்தில் சுவான்வெய் என்று ஒரு பிரதேசம். அங்கே பெண்கள் புகைபிடிப்பது அரிது. ஆயினும் சீனாவிலேயே பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மிகக் கூடிய இடங்களுள் ஒன்று அது. வீட்டுக்குள் புகைபோக்கி இல்லாத அடுப்பில் அவர்கள் எரித்த புகை நிலக்கரியே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். புகைபோக்கி பொருத்திய வீடுகளில் பின்னாளில் அந்நோய் குறைந்தது. குய்சோ மாகாணத்தின் கதை எங்களுக்கு இன்னும் நெருக்கமானது. மழையும் ஈரமும் கூடிய ஊர் அது. அறுவடையான மிளகாயையும் சோளத்தையும் வீட்டுக்குள் நிலக்கரி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு உலர்த்துவார்கள். கரியிலிருந்த ஆசனிக்கு மிளகாயில் ஏறியது. புளோரைட்டு சோளத்தில் ஏறியது. நிலக்கரித் தூளைக் கட்டியாக்க அவர்கள் சேர்த்த களிமண்ணிலும் புளோரைட்டு இருந்தது. பற்களும் எலும்புகளும் பழுதான மக்கள் இலட்சக்கணக்கில். கட்டிக்குள் என்ன சேர்க்கிறோம் என்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எங்களிடம் இல்லை. மிளகாய் காயப்போடும் வீடு நம்முடையதும்தான்.

2010இல் வெளியான தொகுதியில், புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகவரகம் வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பதால் வரும் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் முதலாம் வகுப்பில் வைத்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் பதப்படுத்தாத நிலக்கரியை வீட்டு எரிபொருளாகப் பாவிக்கவே கூடாது என்று வழிகாட்டியது. மண்ணெண்ணெயையும் ஊக்குவிக்க வேண்டாம் என்றது.

நெய்வேலியில் லெக்கோ செய்தார்களே என்று கேட்பீர்கள். சென்னையில் இருந்த நமது தோழியர் சிலர் கேட்டார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை முதலில் அச்சில் அழுத்தி, பிறகு ஆலையில் வைத்துக் கரியாக்கி, தாரையும் வாயுவையும் பிரித்தெடுத்த பின்பே லெக்கோ என்ற பெயரில் வீடுகளுக்கு விற்றார்கள். அதற்குப் பெரிய ஆலை வேண்டும். பீப்பாவும் கஞ்சிப் பானையும் வைத்திருக்கும் நமக்கு அது இயலாது.

நிலக்கரியைப் போலவே இன்னொன்றையும் சேர்க்க வேண்டாம்: கஜு ஓடு. புத்தளத்திலிருந்து மலிவாகக் கிடைக்கும், நன்றாக எரியும் என்று ஒருவர் சொன்னாராம். மரமுந்திரிகை ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். ஓடு உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதைச் சும்மா எரித்தால் வரும் புகை கண்ணுக்கும் தொண்டைக்கும் ஆகாது. எண்ணெய் எடுக்கப்பட்ட ஓட்டைத் தொழிற்சாலைக் கொதிகலனில் எரிக்கட்டும்.

சரி, சுத்தமான சிரட்டைக் கரி, நிலக்கரி இல்லை, கஜு ஓடு இல்லை, நன்றாகக் காய்ந்த கட்டி, புகையே இல்லை. அதைப் பிளட்டுக்குள் ஏன் எரிக்கக்கூடாது?

புகை இல்லாததால்தான்.

விறகு எரித்தால் கண் எரியும், இருமல் வரும், யன்னலைத் திறப்பீர்கள். தணல் சிவந்து அழகாக இருக்கும். மணமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் கரி எரியும்போது காபனோரொட்சைட்டு வருகிறது. நிறமில்லை, மணமில்லை, மூக்கை உறுத்தாது. ஈமோகுளோபினோடு ஒட்சிசன் சேர்வதைவிட இருநூறு மடங்குக்கு மேலான பிடியோடு இது சேரும் என்று உயர்தர வகுப்பில் படித்தோம். நினைவிருக்கிறதா? பரீட்சைக்கு இரண்டு புள்ளி. ஒரு வீட்டில் அது உயிர். ஒட்சிசனுக்குரிய ஆசனத்தில் வேறொருவர் உட்கார்ந்துவிடுகிறார், எழும்ப மாட்டேன் என்கிறார்.

செயற்படுத்திய கரி நஞ்சை உறிஞ்சும் என்றோமே, முதலாம் உலகப் போரின் நச்சுப்புகை முகமூடிகளுக்குள் இருந்ததும் அப்படியான கரிதான். 1918இல் அமெரிக்காவில் பாடசாலைப் பிள்ளைகள்கூடப் பீச் பழக் கொட்டையும் அக்றூட் ஓடும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஏழு இறாத்தல் கொட்டையிலிருந்து ஒரு முகமூடிக்குக் கரி என்று சுவரொட்டி அடித்தார்கள். குளோரீனைத் தடுத்த அந்தக் கரியால் காபனோரொட்சைட்டைத் தடுக்க முடியாது. அறையின் மூலையில் கரிப் பொட்டலம் வைத்தால் காற்றுச் சுத்தமாகும் என்று யாராவது அனுப்பும் வாட்ஸ்அப் செய்தியை இந்த விடயத்தில் நம்பாதீர்கள்.

தென்கொரியாவில் யொன்தான் என்ற ஓட்டைகள் உள்ள நிலக்கரிக் கட்டி பல பத்தாண்டுகள் வீட்டு எரிபொருளாக இருந்தது. நிலத்தைச் சூடாக்கும் அடுப்பில் அதை வைத்துவிட்டுப் படுப்பார்கள். தரையின் வெடிப்பால் வாயு கசிந்து, படுத்தவர்கள் எழும்பாமற் போன வீடுகள் அங்கே ஏராளம். கதவு யன்னல் பூட்டிய குளிர்கால இரவுகள் அவை.

எங்களுக்குக் குளிர் இல்லை. ஆனால் 2022 வந்தது. அதற்கு முந்திய நவம்பரிலிருந்தே காஸ் வெடிப்புச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. 2021 ஒக்ரோபருக்கு முன் 1,493 ரூபாவாக இருந்த சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. மின் அடுப்பு வாங்கியவர்களும் கைவிரித்தார்கள். மண்ணெண்ணெய்க்கு வரிசை. அப்போது கரி அடுப்பு விற்காத கடை காலி வீதியில் இல்லை. ஏழாம் மாடியில், யன்னல் என்று ஒன்று காற்றுக்குழாயைப் பார்த்தபடி இருக்கும் குசினியில், அந்த அடுப்பை வைத்துச் சமைத்தார்கள். நுளம்பு வருமென்று பல்கனிக் கதவையும் சாத்தினார்கள். கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளின் ஓரறை வீடுகளில் சமையலும் படுக்கையும் ஒரே இடம். மழை வந்தால் அடுப்பு உள்ளே வரும்.

அந்த மாதங்களில்தான், தலையிடி என்று வந்தவரிடம் "வீட்டில் எதில் சமைக்கிறீர்கள்?" என்று கேட்கப் பழகினோம். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம், கால் சோர்வு. காய்ச்சல் இல்லை. வீட்டில் இன்னொருவருக்கும் அப்படியே. வெளியே போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் திரும்ப. இதைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், கியூவில் நின்ற களைப்பு என்றும், மனக்கவலை என்றும் எளிதாகத் தள்ளிவிடலாம். அந்த ஆண்டில் மூன்றுக்கும் குறைவிருக்கவில்லை.

இன்னுமொரு பொறி. கொவிட் காலத்தில் வெள்ளவத்தையில் பாதி வீடுகளில் விரலில் மாட்டும் ஒட்சிசன் மானி வாங்கியிருந்தார்கள். தலையிடி வந்ததும் மாட்டிப் பார்ப்பார்கள், 98 காட்டும், நிம்மதியாகப் படுப்பார்கள். அந்தக் கருவிக்குக் காபனோரொட்சைட்டு ஏறிய ஈமோகுளோபினையும் ஒட்சிசன் ஏறியதையும் பிரித்தறியத் தெரியாது. இரண்டும் அதற்குச் சிவப்புத்தான். எண் சரியாக இருக்கும், ஆள் சரியாக இருக்க மாட்டார். இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோனாலும் நாங்கள் வந்த வேலை முடிந்தது.

சந்தேகம் வந்தால் என்ன செய்வது? கதவு யன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். அடுப்பை அணைக்கிறேன் என்று உள்ளே நிற்காதீர்கள். மயக்கமோ நெஞ்சு நோவோ கர்ப்பிணியோ இருந்தால் 1990ஐ அழையுங்கள். வைத்தியசாலையில் "வீட்டுக்குள் கரி எரித்தோம்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள். சாதாரண காற்றில் இந்த வாயு குருதியில் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் எடுக்கும். முழு ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மணி, ஒன்றரை மணி.

கர்ப்பிணியைத் தனியாகச் சொன்னதற்குக் காரணமுண்டு. வயிற்றிலுள்ள குழந்தையின் ஈமோகுளோபின் இந்த வாயுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துவைக்கும். தாய் தேறிய பின்னும் குழந்தையின் குருதியில் அது மெதுவாகவே குறையும். எங்களில் மகப்பேற்று விடுதியில் வேலை செய்பவர் இந்த இடத்தில் ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னார். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு தாய்க்கும் குழந்தைக்கும் தணல் காட்டுவதும் சாம்பிராணிப் புகை பிடிப்பதும் நம் வீடுகளில் இன்னும் உண்டு. அதை ஏளனம் செய்ய நாங்கள் வரவில்லை. அம்மம்மாவின் வீட்டில் அது நடந்தது ஓட்டு வீட்டில், காற்றோட்டமான தாழ்வாரத்தில். இன்று நடப்பது குளிரூட்டி போட்ட பூட்டிய அறையில், கட்டிலுக்குக் கீழே சிரட்டைத் தணல் சட்டியோடு. அம்மம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல முடியாவிட்டால் சட்டியை அறைக்கு வெளியே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுடுதண்ணீர்ப் பை ஒன்றும் வாங்கிக் கொடுங்கள். அவரும் நோகமாட்டார்.

புலத்திலிருக்கும் தோழியரே, இது உங்களுக்கும்தான். ஸ்காபரோவிலும் ஹரோவிலும் மெல்பேர்ணிலும் உங்கள் வீட்டுப் பாபிகியூவில் இருப்பதும் கரிதான். மழை வந்தால் அதைக் கராஜுக்குள் இழுக்காதீர்கள். கதவு பாதி திறந்திருந்தாலும் போதாது. 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் பனிமழை பெய்து நாட்கணக்கில் மின்சாரம் இல்லாதபோது, குளிர்காய வீட்டுக்குள் கரியும் ஜெனரேற்றரும் பாவித்தவர்களால் தீயணைப்புப் படைக்கு இதே வாயு பற்றிய அழைப்புகள் குவிந்தன. உங்களுக்கு ஒரு வசதி உண்டு: சுவரில் மாட்டும் எச்சரிக்கைக் கருவி. ஒன்ராறியோவில் எரிபொருள் அடுப்போ சூடாக்கியோ உள்ள வீடுகளுக்கு அது சட்டம். கொழும்பில் அநேகர் அதைக் கண்டதே இல்லை. அடுத்த முறை வரும்போது சொக்லேற்றோடு ஒன்றையும் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு வாருங்கள். அம்மாவின் பிளட்டில் காஸ் கீசர் இருந்தால் கட்டாயம்.

இனித் திட்டத்துக்கு வருவோம். செயற்குழுவுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம், இங்கே சுருக்கமாக. கட்டியில் சிரட்டைக் கரியும் மரவள்ளி மாவும் மட்டும். பை இரண்டு கிலோ. பையின் முன்பக்கத்தில், சங்கச் சின்னத்துக்குச் சமமான அளவில், தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் "வீட்டுக்குள் எரிக்க வேண்டாம், தணல் அணையும் வரை உள்ளே கொண்டுவர வேண்டாம்" என்று அச்சிட வேண்டும். அப்படி எழுதினால் யார் வாங்குவார்கள் என்று ஒருவர் கேட்டார். வெளியே எரிப்பவர் வாங்குவார். உள்ளே எரிக்க நினைத்தவர் வாங்காமற் போனால் அதுவே எங்களுக்கு வேண்டியது. அதைப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுவதென்றால் எங்கள் மூவரின் பெயரையும் இத்திட்டத்திலிருந்து எடுத்துவிடும்படி கேட்டிருக்கிறோம். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. ஆனால் விட்டுக்கொடுக்கவும் மாட்டோம்.

கரி அரைக்கும் பெண்களுக்குத் துணி முகமூடி போதாது. நுண்தூள் தடுக்கும் முகக்கவசம் வேண்டும். நாளுக்கு ஒன்று என்று கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அரைக்கும்போது தூளை நனைத்துக்கொண்டால் பறப்பது குறையும். ஆறு மாதத்துக்கொருமுறை அவர்களின் நுரையீரலை இலவசமாகப் பரிசோதிக்க எங்களில் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி பற்றியும் ஒரு சொல். அண்மையில் தேங்காய் விலை 200 ரூபாவைத் தாண்டியபோது சிரட்டைக்கும் விலை கூடியது. கரி விலையும் ஏறும், இறங்கும். பெண்களின் கூலி அதோடு சேர்ந்து இறங்கக்கூடாது.

சேகரிப்பு வெள்ளவத்தையில் செவ்வாய், கொட்டாஞ்சேனையில் வெள்ளி. ஒழுங்குகளை இரு இடங்களின் பொறுப்பாளர்களும் மண்டப வாசலில் சொல்வார்கள். சிரட்டையைக் கழுவ வேண்டாம், துருவியதும் வெயிலில் ஒரு நாள் காயவிட்டால் போதும். சாக்கில் போடும்வரை கவிழ்த்து வையுங்கள். மல்லாத்தி வைக்காதீர்கள், மழை தூறினாலும் நுளம்புக்கு இடம் கொடுத்ததாகிவிடும்.

கேள்விகள் இருந்தால் தேநீர் இடைவேளையில் மூவரும் இங்கேயே இருப்போம்.